முதல் டிகிரி முடிந்தது, இரண்டாவதுக்கு அவசரப்படலாமா? (ஃப்ரீமேசன் இழை)

புதுஏப்ரன்

எல்லோருக்கும் வணக்கம். போன மாதம் சென்னையில் ஒரு ஃப்ரீமேசன் லாட்ஜில் (தங்கும் லாட்ஜ் இல்லை, ஃப்ரீமேசன் என்ற சகோதரச் சங்கத்தின் கிளை) எனக்கு முதல் டிகிரி, அதாவது சேர்க்கைச் சடங்கு, ஆனது. லாட்ஜ் பெயர், நம்பர் எல்லாம் இங்கே வேண்டாம். இப்போது ஆபீஸில் என்னை சிங்கப்பூருக்கு மாற்றப் போகிறார்கள், இன்னும் சில மாதங்களில் கிளம்ப வேண்டும். அதற்குள் மூன்று டிகிரியையும் முடித்து மாஸ்டர் மேசனாகவே அங்கே போய் இறங்கலாம் என்று எனக்கு ஆசை. ஆனால் லாட்ஜ் கூடுவது மாதம் ஒரு முறை, அடுத்த கூட்டத்தில் புதிதாகச் சேரும் ஒருவருக்கு இனிஷியேஷன் என்று ஏற்கெனவே அச்சடித்து அனுப்பிவிட்டார்கள். செக்ரட்டரியிடம் கேட்டால் "என்ன பிரதர் அவசரம்" என்று சிரிக்கிறார். எமர்ஜென்சி மீட்டிங் போட்டுச் செய்வதும் உண்டு என்று ஒருவர் சொன்னார். கேட்கலாமா, கேட்டால் தப்பாக நினைப்பார்களா?

இன்னொரு சந்தேகம். சாப்பாட்டு மேஜையில் ஒரு பெரியவர், "இரண்டாவது டிகிரி ஒப்புக்குச் சப்பாணி, மூன்றாவதுதான் விஷயமே" என்றார். அப்படியா?

சும்மாகேட்டேன்

நான் மெம்பர் இல்லை, சேரவும் போவதில்லை, சும்மா கேட்கிறேன். எழும்பூர் எத்திராஜ் சாலையில் உங்கள் ஹால் இருக்கிறதே, அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் உள்ளே என்னதான் செய்கிறார்கள் என்று நினைத்துக்கொள்வேன். வாட்ஸ்அப்பில் வரும் வீடியோவில் எல்லாம் 33 டிகிரி என்கிறான், நீங்கள் மூன்று என்கிறீர்கள். மிச்சம் முப்பது எங்கே போச்சு?

கல்தச்சன்

புதுஏப்ரன் தம்பி, முதலில் வாழ்த்துகள். நான் லாட்ஜில் மாஸ்டர் (தலைவர்) நாற்காலி வரை உட்கார்ந்து எழுந்தவன், கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

கேட்பதில் தப்பே இல்லை. இங்கிலாந்து விதியில் ஒரு டிகிரிக்கும் அடுத்ததற்கும் இடையே குறைந்தது நான்கு வாரம் இருக்க வேண்டும். லாட்ஜுகளுக்கெல்லாம் தலைமையான இந்திய கிராண்ட் லாட்ஜ் 1961-ல் உருவானபோது இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, அயர்லாந்து என்று மூன்று வழியில் வந்த லாட்ஜுகளும் அதில் சேர்ந்தன, அதனால் உங்கள் லாட்ஜுக்கு என்ன நடைமுறை என்பதை விதிப்புத்தகத்தைத் திறந்து செக்ரட்டரியே காட்டுவார். எமர்ஜென்சி மீட்டிங்கும் கேட்காத விஷயம் இல்லை. ஆனால் ஒரு டிகிரி செய்ய எத்தனை பேர் வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். மாஸ்டர், இரண்டு வார்டன்கள், இரண்டு டீக்கன்கள், உள்ளே கதவுக்கு இன்னர் கார்டு, வெளியே வாளோடு காவல் இருக்கும் டைலர். இவர்கள் எல்லோரும் வேலை முடிந்து டிராஃபிக்கில் நீந்தி வர வேண்டும், வசனம் மனப்பாடமாக இருக்க வேண்டும். ஒருவருடைய விமான டிக்கெட்டுக்காக இவ்வளவு பேரைக் கூட்டினால் வருவார்கள், ஆனால் அரைமனசாகச் செய்த சடங்குதான் உங்களுக்குக் கிடைக்கும். அதை நான் பார்த்திருக்கிறேன், பார்க்க நன்றாக இருக்காது.

அந்தப் பெரியவர் சொன்னதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். காரணம் பிறகு எழுதுகிறேன், பேரன் கம்ப்யூட்டரைக் கேட்கிறான்.

சும்மாகேட்டேன் சார், அந்த 33 கதையை ஒஹாயோக்காரன் வந்து சொல்வார் பாருங்கள், அவர் ஊர் சரக்கு அது.

ஒஹாயோக்காரன்

வந்துவிட்டேன். 33 என்பது ஸ்காட்டிஷ் ரைட் என்ற தனி அமைப்பின் கணக்கு. பெயரில்தான் ஸ்காட்லாந்து. அதன் முதல் சுப்ரீம் கவுன்சில் 1801-ல் அமெரிக்காவில், தென் கரோலினாவின் சார்ல்ஸ்டனில் தொடங்கியது. லாட்ஜில் மூன்று டிகிரி முடித்தவர் விரும்பினால் அங்கே போய் 4 முதல் 32 வரை வாங்கலாம். வாங்கலாம் என்று சொல்வதும் சரிதான். "ரீயூனியன்" என்று ஒரு வாரக்கடைசியில் கூட்டுவார்கள், மேடை, திரை, விளக்கு, உடை எல்லாம் போட்டு நாடகமாகவே நடத்துவார்கள், நாம் அரங்கில் உட்கார்ந்து பார்ப்போம். எல்லா டிகிரியையும் நடிக்கக்கூட மாட்டார்கள், சிலவற்றை வாயால் சொல்லி விடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை வீடு திரும்பும்போது நீங்கள் 32-வது டிகிரி. 33 மட்டும் கேட்டு வாங்க முடியாது, நிறைய உழைத்தவர்களுக்கு அவர்களாகப் பார்த்துக் கொடுக்கும் கௌரவம் அது. உலகத்தை ஆளும் ரகசியம் ஒன்றும் இல்லை, எனக்குத் தெரிந்த 33 ஒருவர் ஆஸ்பத்திரிக்கு நிதி திரட்டும் பான்கேக் காலை உணவில் மாவு கலக்கிக்கொண்டிருந்தார்.

இதில் ஒரு 32-காரர் சாதாரண மாஸ்டர் மேசனுக்கு மேலதிகாரி என்றும் கிடையாது. லாட்ஜுக்குள் வந்தால் மூன்றாவதோடு சரி. 1813-ல் இங்கிலாந்தின் இரண்டு கிராண்ட் லாட்ஜுகளும் ஒன்றாகச் சேர்ந்தபோதே எழுதி வைத்துவிட்டார்கள், பழைய முறை மேசன்ரி என்பது மூன்று டிகிரி மட்டும்தான், ராயல் ஆர்ச் என்ற இன்னொரு சடங்கும் அதற்குள் அடக்கம் என்று.

அப்புறம் புதுஏப்ரன், அவசரத்துக்கு ஆதரவாக ஒரு குரலும் வேண்டும் என்றால் நான் இருக்கிறேன். என் மூன்று டிகிரியும் ஒரே நாளில் முடிந்தது. இங்கே "ஒன் டே கிளாஸ்" என்று நடத்துவார்கள். எங்கள் மாநிலத்தில் 2002-ல் நடந்ததில் ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே நாளில் மாஸ்டர் மேசன் ஆனார்கள். கூட்டத்திலிருந்து ஒருவரை மட்டும் கூப்பிட்டு அவருக்கு முழுச் சடங்கும் செய்வார்கள், மற்றவர்கள் உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்த்து, சேர்ந்து உறுதிமொழி சொல்ல வேண்டும். இரண்டு வேலை பார்க்கிறவனுக்கு, ஷிஃப்டில் இருப்பவனுக்கு அது ஒரு வாசல். நான் அதன் வழியாக வந்து இன்னும் லாட்ஜில் இருக்கிறேன்.

கொழும்புத்துறை

ஒஹாயோக்காரன் சொல்லாமல் விட்ட ஒன்று. அமெரிக்காவில் ஏன் அப்படி ஓடுகிறார்கள் என்பதற்குக் காரணம் இருக்கிறது. அங்கே 1840களுக்குப் பிறகு பெரும்பாலான இடங்களில் லாட்ஜின் வரவு செலவு, வாக்கெடுப்பு எல்லாவற்றையும் மூன்றாம் டிகிரியில் திறந்துதான் நடத்தினார்கள். முதல் டிகிரிக்காரன் அந்தக் கூட்டத்துக்குள்ளேயே போக ஏலாது. ஆகவே மூன்றாவது கிடைக்கும்வரை அவன் அரை உறுப்பினன். அண்மைக் காலத்தில் பல மாநிலங்கள் இதை மாற்றியிருக்கின்றன. இங்கிலாந்து வழியில் வந்த லாட்ஜுகளில், இந்தியா, இலங்கை உட்பட, வழமையான அலுவல்கள் முதல் டிகிரியிலேயே நடக்கும். புதுஏப்ரன் இப்போதே உள்ளே இருந்து எல்லாவற்றையும் கேட்கலாம். அடுத்த டிகிரிக்குத் திறக்கும்போது மட்டும் எழுந்து வெளியே போக வேண்டும். ஆகவே உங்களுக்கு அந்த அவசரம் தேவையே இல்லை.

இரண்டாம் டிகிரி ஒப்புக்கு என்று சொன்ன பெரியவருக்கு வரலாற்றிலிருந்து ஒரு பதில். கல் வேலை செய்த உண்மையான கொத்தர்கள் காலத்தில் இரண்டாவதுதான் உச்சி. ஸ்காட்லாந்தில் அரசரின் கட்டட வேலைகளுக்குத் தலைவராக இருந்த வில்லியம் ஷா 1598-ல் எழுதிய விதிகளில், பயிற்சியாளன் குறைந்தது ஏழு வருடம் வேலை பழக வேண்டும், அதற்கு மேலும் ஏழு வருடம் போனால்தான் சகதொழிலாளி என்ற நிலை, விசேஷ அனுமதி இருந்தால் குறைக்கலாம் என்று இருக்கிறது. இரண்டாம் டிகிரிக்கு ஃபெலோ கிராஃப்ட் என்று பெயர், அது இதிலிருந்து வந்ததுதான். அதற்கு மேல் சடங்கு ஒன்றும் இருந்ததாகப் பழைய ஏடுகளில் இல்லை, மாஸ்டர் என்றால் ஆள் வைத்து வேலை எடுக்கும் முதலாளி, அவ்வளவே. லண்டனில் கிராண்ட் லாட்ஜ் தொடங்கிய கதை 1717 என்று சொல்வார்கள், மூன்றாவது டிகிரி 1720களில்தான் தலை காட்டுகிறது. 1730-ல் சாமுவேல் பிரிச்சர்டு என்பவர் எல்லாவற்றையும் அச்சில் போட்டு விற்றபோது அது முழு உருவத்தில் இருந்தது. உணர்ச்சியான பகுதிகள் எல்லாம் மூன்றாவதற்குப் போய்ச் சேர, இரண்டாவது மெலிந்துவிட்டது. அதனால் வந்த பெயர்தான் இந்த "ஒப்புக்கு".

சும்மாகேட்டேன்

பதினாலு வருஷமா! இவர் மூன்று மாதத்தில் முடிக்கலாமா என்கிறார். 

சரி, இன்னொன்று. அந்த மூன்றாவது டிகிரி கதையை இப்போதுதான் ஒரு தளத்தில் படித்தேன். கோவில் கட்டும் தலைமைச் சிற்பியை மூன்று பேர் [இங்கே ஒரு பகுதி நீக்கப்பட்டது]

நெறியாளர்

மேலே உள்ள பதிவில் பாதியை எடுத்துவிட்டேன். ரகசியம் என்பதற்காக இல்லை, முந்நூறு வருடமாகப் புத்தகக் கடையில் கிடைக்கும் விஷயம்தான். இழையைத் தொடங்கியவர் இன்னும் அதைக் கடக்கவில்லை, அவருக்கு இங்கே வைத்துக் கதையை உடைக்க வேண்டாம். படம் பார்க்கப் போகிறவனிடம் கிளைமாக்ஸைச் சொல்லும் வேலை வேண்டாமே.

சும்மாகேட்டேன்

மன்னிக்கவும், நியாயம்தான். ஆனால் இதற்காவது பதில் சொல்லுங்கள். ரகசியத்தை வெளியே சொன்னால் தொண்டையை அறுப்போம் என்று சத்தியம் வாங்குவார்களாமே?

கல்தச்சன்

அந்த வாசகம் இருந்தது உண்மை. பழங்காலத்துத் தண்டனை என்று அந்த உறுதிமொழிக்குள்ளேயே வரும். யாரும் யாரையும் எதுவும் செய்ததில்லை என்று சொல்லப் போனால் உடனே ஒருவர் வில்லியம் மோர்கன் என்பார். 1826-ல் நியூயார்க் மாநிலத்தில், மேசன் ரகசியங்களைப் புத்தகமாகப் போடப் போகிறேன் என்று கிளம்பிய ஆள், காணாமலே போனார். என்ன ஆனார் என்று இன்றுவரை நிரூபணம் இல்லை, ஆனால் அமெரிக்காவில் மேசன் எதிர்ப்புக் கட்சியே தொடங்கும் அளவுக்கு அது வெடித்தது. அந்தக் கறையை மறைக்க வேண்டியதில்லை. இங்கிலாந்து கிராண்ட் லாட்ஜ் 1986-ல் அந்தத் தண்டனை வாசகங்களை உறுதிமொழியிலிருந்தே எடுத்துவிட்டது. கடவுளின் முன்னால் சத்தியம் செய்கிறவன் அருகில் போய்க் கழுத்து, நாக்கு என்று பேசுவது அசிங்கம் என்று உள்ளிருந்தவர்களே சொன்னதால்தான் அது நடந்தது.

இப்போது இரண்டாவது டிகிரிக்கு வருகிறேன், காலையில் விட்ட இடம்.

தம்பி, உங்கள் முதல் டிகிரி நாளை நினைத்துப் பாருங்கள். வெளி அறையில் மோதிரம், வாட்ச், பர்ஸ், சில்லறை எல்லாம் வாங்கி வைத்துக்கொண்டார்கள். ஒரு பக்கம் சட்டையை விலக்கி, ஒரு முழங்கால் தெரியப் பேன்ட்டை மடக்கி, ஒரு காலில் குதிகால் மிதித்த செருப்பு, கழுத்தில் கயிறு, கண்ணில் கட்டு. கதவை மூன்று முறை தட்டினார்கள். அப்புறம் உள்ளே யாரோ கையைப் பிடித்து நடத்தினார்கள், யாரோ கேட்டார்கள், யாரோ காதில் பதிலைச் சொல்ல நீங்கள் திருப்பிச் சொன்னீர்கள். கட்டை அவிழ்த்தபோது வெளிச்சம்தான் தெரிந்திருக்கும், முகங்கள் தெரிந்திருக்காது. அதாவது உங்களுக்கு நடந்ததை நீங்கள் பார்க்கவே இல்லை. நாங்கள்தான் பார்த்தோம்.

அடுத்த கூட்டத்தில் இன்னொருவருக்கு இனிஷியேஷன் என்றீர்களே, அதற்குப் போய் ஓரமாக உட்காருங்கள். ஒருவனுக்கு முதல் டிகிரி கிடைப்பது இரண்டு முறை, ஒன்று தனக்கு நடக்கும்போது, மற்றது அடுத்தவனுக்கு நடப்பதைப் பார்க்கும்போது. இதை நான் எல்லாப் புதியவர்களிடமும் சொல்வேன், பாதிப் பேர் கேட்பதில்லை. நேராக மூன்றாவதுக்கு ஓடிவிட்டுப் பிறகு ஆறு மாதத்தில் காணாமல் போனவர்கள் நிறைய.

புதுஏப்ரன்

அண்ணா, நீங்கள் எழுதியதைப் படித்ததும் குதிகால் செருப்பு ஞாபகம் வந்து சிரிப்பு வந்துவிட்டது. உண்மையாகவே எனக்கு ஒன்றும் நினைவில்லை. யாரோ பைபிளா கீதையா என்று கேட்டது மட்டும் ஞாபகம், கீதை என்றேன். கண்ணைத் திறந்தபோது பீடத்தில் கீதை, குர்ஆன், பைபிள், குரு கிரந்த சாகிப், அவெஸ்தா என்று வரிசையாக இருந்தன.

ஆனாலும் கேட்கிறேன். விவேகானந்தரே மூன்று மாதத்தில் மூன்றும் முடித்தார் என்று படித்தேன். அவருக்குச் சரியென்றால் எனக்கு என்ன?

கொழும்புத்துறை

உண்மைதான். கல்கத்தாவில் ஆங்கர் அண்ட் ஹோப் லாட்ஜில் நரேந்திரநாத் தத்தர் என்ற பெயரில் சேர்ந்தார். 1884 பிப்ரவரி 19 முதல் டிகிரி, ஏப்ரல் 15 இரண்டாவது, மே 20 மூன்றாவது. ஆனால் அந்த இடைவெளியில் என்ன நடந்தது என்றும் பாருங்கள். அதே பிப்ரவரி மாதக் கடைசியில் அவருடைய தந்தை இறந்தார், வீடு கடனில் விழுந்தது, வேலை தேடி அலைந்தார். தேதியை மட்டும் வைத்து வேகம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

வேகத்துக்கு உதாரணம் வேண்டுமென்றால் வியன்னாவுக்குப் போங்கள். மோட்சார்ட்டின் அப்பா லியோபோல்டு 1785 ஏப்ரல் 6-ல் சேர்ந்து, 16-ல் இரண்டாவது, 22-ல் மூன்றாவது முடித்துவிட்டு ஊர் திரும்பினார். கிட்டத்தட்ட உங்கள் கதைதான், பயணத்துக்கு முன் முடிக்க வேண்டும். மகன் மோட்சார்ட் அந்த மார்ச்சில்தான் இரண்டாம் டிகிரிக்குப் போகிறவர்களுக்கென்றே ஒரு பாட்டுக்கு இசையமைத்திருந்தார், அறிவை நோக்கி நடக்கும் பயணம் என்பது பொருள். ஒப்புக்கு இருப்பதற்கு மோட்சார்ட் பாட்டு எழுதுவாரா சொல்லுங்கள். அதே ஊரில் அதே வருடம் பிப்ரவரி 11-ல் சேர்ந்த ஹைடன் முதல் டிகிரியோடு நின்றவர், அதன் பிறகு அவர் லாட்ஜுக்கு வந்ததாகவே பதிவு இல்லை. வால்டேரை எடுத்தால் 83 வயதில், 1778 ஏப்ரலில் பாரிஸில் சேர்த்துக்கொண்டார்கள், மே மாதக் கடைசியில் இறந்துவிட்டார்.

மறுபக்கம் கல்கத்தாவிலேயே பிரசன்னகுமார் தத்தர் என்பவர் 1863-ல் சேரக் கேட்டார். இந்து என்பதால் கூடாது என்று மாகாணத் தலைமை தடுத்தது. கடிதம் மேல் கடிதம் எழுதி 1872-ல்தான் அவருக்கு முதல் டிகிரியே ஆனது. அவரால்தான் விவேகானந்தர் 1884-ல் நுழைய முடிந்தது.

கடலூர்க்காரன்

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். திருச்சியில் நவாபின் மகன் ஒருவர் மேசன் ஆனார் என்று கேள்விப்பட்டேன், 1863-க்கு முன்பே இந்தியர் இருந்தார்களே?

கல்தச்சன்

ஆற்காடு நவாப் முகமது அலி வாலாஜாவின் மகன் உம்தத்துல் உமரா. 1770களில் திருச்சிராப்பள்ளியில் சேர்ந்தார், லண்டன் கிராண்ட் லாட்ஜ் மகிழ்ந்து போய் அலங்கார ஏப்ரனும் (மேசன்கள் இடுப்பில் கட்டும் துணி) விதிப்புத்தகமும் அனுப்பியது. ஆனால் அவர் இளவரசர், அதுவும் கம்பெனிக்கு வேண்டியவர் வீட்டுப் பிள்ளை. முஸ்லிம், பார்சி என்றால் ஒரே கடவுள் நம்பிக்கை உண்டு என்று எடுத்தார்கள், இந்துவுக்குப் பல கடவுள், எந்தக் கடவுள் மேல் சத்தியம் என்று ஒரு நூற்றாண்டு யோசித்தார்கள். தத்தர் வழக்கின் முழு அபத்தமும் அதுதான். நாட்டையே ஆளலாம், சகோதரா என்று கூப்பிட முடியாது.

தேவகோட்டைமாமி

எல்லா ஆண்களும் சகோதரா சகோதரா என்று பேசுகிறீர்கள், பெண்களுக்கு என்ன வழி? என் கணவர் பதினைந்து வருடமாக லாட்ஜுக்குப் போகிறார், எனக்குக் கிடைப்பது வருடத்துக்கு ஒரு லேடீஸ் நைட் சாப்பாடு மட்டும்.

கொழும்புத்துறை

அக்கா, வழி இருக்கிறது, ஆனால் இவர்களுடைய கிராண்ட் லாட்ஜில் இல்லை. 1893-ல் பிரான்ஸில் ஆணும் பெண்ணும் சமமாகச் சேரும் அமைப்பு தொடங்கியது. அன்னி பெசன்ட் 1902-ல் அதில் சேர்ந்து லண்டனில் கிளை தொடங்கி, இந்தியாவுக்கும் கொண்டுவந்தார், அடையாறு பிரம்மஞான சபை வட்டாரத்தில் கோ-மேசன்ரி என்று பேர். இங்கிலாந்தில் பெண்கள் மட்டுமே உள்ள லாட்ஜுகளும் 1908-லிருந்து உண்டு. டிகிரிகளும் அதே மூன்று. ஆனால் ஆண்கள் லாட்ஜ் இவர்களைத் தங்கள் கூட்டத்துக்குள் விடாது, இவர்கள் கூட்டத்துக்கும் போகாது.

தேவகோட்டைமாமி

அடையாறிலா! இத்தனை வருடம் அந்தப் பக்கம் வாக்கிங் போயிருக்கிறேன். வீட்டில் இன்று ஒரு பேச்சு இருக்கிறது.

கடலூர்க்காரன்

நான் கத்தோலிக்கன். எனக்கு ஆசை உண்டு, ஆனால் பங்குச் சாமியார் கூடாது என்கிறார். இப்போது தடை எடுத்துவிட்டார்கள் என்று ஒருவர் சொல்கிறார். எது சரி?

கல்தச்சன்

சாமியார் சொல்வதுதான் சரி. 1738-ல் பன்னிரண்டாம் கிளெமென்ட் போட்ட தடை. 1983-ல் புதிய திருச்சபைச் சட்டத்தில் மேசன் என்ற பெயர் வரவில்லை, அதைப் பார்த்துத்தான் எடுத்துவிட்டார்கள் என்று பேசுகிறார்கள். அதே வருடம் நவம்பரில் வாட்டிகன் தெளிவாக எழுதிவிட்டது, நிலை மாறவில்லை, சேர்ந்தவர் நற்கருணை பெறக் கூடாது என்று. 2023 நவம்பரில் பிலிப்பைன்ஸ் ஆயர் ஒருவர் கேட்டபோதும் அதையே திரும்பச் சொன்னார்கள். லாட்ஜ் தரப்பில் கத்தோலிக்கருக்குத் தடை இல்லை, கடவுள் நம்பிக்கை இருந்தால் போதும். முடிவு உங்கள் மனச்சாட்சிக்கும் உங்கள் கோவிலுக்கும் இடையில் உள்ளது. நான் யாரையும் இழுக்க மாட்டேன், சேர விரும்புகிறவன் தானாக வந்து கேட்க வேண்டும் என்பதே எங்கள் வழக்கம்.

ஒஹாயோக்காரன்

புதுஏப்ரனுக்கு மறுபடியும். மேலே ஒன் டே கிளாஸுக்கு வக்காலத்து வாங்கினேன், இப்போதும் வாங்குகிறேன். ஆனால் அதில் என்ன இழக்கிறோம் என்பதையும் சொல்ல வேண்டும். இங்கே வழக்கமான முறையில் சேர்ந்தவன் ஒவ்வொரு டிகிரிக்கும் நீளமான கேள்வி-பதிலை ஒரு மூத்தவரிடம் வாய்மொழியாகப் பாடம் கேட்டு, லாட்ஜ் நடுவில் நின்று ஒப்பிக்க வேண்டும். சில மாநிலங்களில் எழுதிக் கொடுக்கக்கூட மாட்டார்கள். வாரத்தில் ஒரு மாலை அவர் வீட்டு கேரேஜில் உட்கார்ந்து படிப்பார்கள், அந்தக் கிழவர் செத்தால் இவன் போய்ப் பெட்டியைத் தூக்குவான். என்னோடு ஒரே நாளில் ஆனவர்களுக்கு அப்படி ஒரு கிழவர் கிடைக்கவில்லை. நானாகத் தேடிப் பிடித்தேன்.

இன்னொரு வேறுபாடு, இங்கே மூன்று டிகிரியிலும் கண்ணைக் கட்டுவார்கள். உங்களுக்கு இரண்டாவதில் கட்டு இருக்காது என்று கேள்விப்பட்டேன்.

கல்தச்சன்

ஆமாம், இங்கிலாந்து வழியில் கட்டு முதல் டிகிரிக்கு மட்டும்தான். இரண்டாவதில் கண்ணைத் திறந்துகொண்டு நடக்கிறீர்கள், அதுதான் அதன் அழகு. முதலாவதில் உங்களுக்குக் கொடுத்த கருவிகள் 24 அங்குல அளவுகோல், சுத்தி, உளி, எல்லாம் கரடுமுரடான கல்லைக் கொத்துவதற்கு. இரண்டாவதில் மூலைமட்டம், ரசமட்டம், தூக்குக்குண்டு. கொத்தியது சரியா என்று சோதிக்கிற கருவிகள். கொத்தாத ஆளுக்கு மட்டத்தைக் கொடுத்து என்ன பயன்? வெள்ளை ஏப்ரனில் இரண்டு நீலப் பூ ஏறும். வளைந்த படிக்கட்டு பேச்சில் வரும், இலக்கணம், சொல்லாட்சி, தர்க்கம், கணிதம், வடிவியல், இசை, வானியல் என்று ஏழு கலைகளும் வரும். சடங்காகப் பார்த்தால் சுருக்கம்தான், நாடகம் குறைவு. ஆனால் போய்ப் படி, உலகத்தைப் பார், என்று சொல்லும் இடம் இது ஒன்றுதான். நடுவயது, உழைக்கும் வயது. அதை யாரும் கொண்டாடுவதில்லை, பிறப்பையும் சாவையும்தான் கொண்டாடுவார்கள்.

அதற்கு முன் மாஸ்டர் உங்களை எழுப்பி நிறுத்திச் சில கேள்விகள் கேட்பார். மேசனாக முதலில் எங்கே தயாரானாய் என்பதில் தொடங்கும். அச்சடித்த தாள் தருவார்கள். டீக்கன் பக்கத்தில் நின்று எடுத்துக்கொடுப்பார், ஆனாலும் தானாகச் சொல்கிறவனைப் பார்த்தால் எல்லோருக்கும் முகம் மலரும்.

புதுஏப்ரன்

மூன்று வாரம் கழித்து வருகிறேன். அந்த இனிஷியேஷனுக்குப் போனேன், வலப்பக்க வரிசையில் கடைசி நாற்காலி. வந்தவர் என்னைவிட வயதானவர், வங்கி வேலை என்றார்கள். வடகிழக்கு மூலையில் நிறுத்தி ஏழைகளுக்கு ஏதாவது கொடுக்கிறீர்களா என்று தட்டை நீட்டும் இடம் வந்ததும், அவர் கை தானாக மடக்கிய பேன்ட் பாக்கெட்டுக்குப் போனது. உள்ளே ஒன்றும் இல்லை. இரண்டாவது தடவையும் போனது. கொடுக்க மனசு இருக்கிறது, ஆனால் எல்லாவற்றையும் வெளியே வாங்கி வைத்துக்கொண்டார்கள் என்று அவர் சொன்னபோது, எனக்கும் இதே நடந்தது என்று அப்போதுதான் புரிந்தது. நான் என்ன பதில் சொன்னேன் என்று பக்கத்திலிருந்தவரிடம் கேட்டேன். "நீங்கள் ஜீபே பண்ணவா என்று கேட்டீர்கள்" என்றார். மொத்த லாட்ஜும் மாதக் கணக்கில் இதைச் சொல்லிச் சிரிக்கிறதாம்.

பிறகு இன்னொரு வேலைக்காக இரண்டாவதில் திறந்தார்கள், நான் வெளியே வந்து டைலரோடு உட்கார்ந்தேன். ரிட்டயர்டு ரயில்வேக்காரர். கையில் வாள், மடியில் சுடோகு. முன்பு இரண்டு லாட்ஜில் மாஸ்டராக இருந்தவராம், இப்போது விரும்பி வெளியே உட்கார்கிறார். கேள்விகளை எனக்கு அங்கேயே பாடம் எடுத்துவிட்டார்.

முடிவு இதுதான். அடுத்த கூட்டத்தில் இரண்டாவது மட்டும். மூன்றாவதுக்கு எமர்ஜென்சி எல்லாம் கேட்கப் போவதில்லை. லீவில் வரும்போது இங்கேயே செய்யலாமா, சிங்கப்பூரில் செய்யலாமா என்பதுதான் பாக்கி.

சும்மாகேட்டேன்

ஜீபே கதைக்காகவே இந்த இழையைப் பின்தொடர்ந்தது வீண் போகவில்லை. சேர மாட்டேன் என்று சொன்னேன், இன்னும் அதே நிலைதான், ஆனால் கறுப்பு உருண்டை போட்டு ஆளை நிராகரிப்பது இன்னும் உண்டா?

கல்தச்சன்

உண்டு. ரகசிய வாக்கு, வெள்ளை உருண்டை சரி, கறுப்பு வேண்டாம். நிறைய லாட்ஜில் ஒரே ஒரு கறுப்பு போதும். அதனால்தான் பெட்டி வரை போகுமுன்பே விசாரித்து, வீட்டுக்கு வந்து பேசி, சந்தேகம் இருந்தால் அங்கேயே நிறுத்திவிடுவார்கள்.

தம்பி, நல்ல முடிவு. சிங்கப்பூர் விஷயம் சுலபம். கோல்மன் தெருவில் ஃப்ரீமேசன்ஸ் ஹால் இருக்கிறது, 19-ம் நூற்றாண்டுக் கட்டடம், நகரத்தின் நடுவிலேயே. ஒரு லாட்ஜின் வேண்டுகோளில் இன்னொரு லாட்ஜ் டிகிரி செய்து தருவது வழக்கம்தான், ஆனால் அங்கே உள்ளவை வேறு கிராண்ட் லாட்ஜின் கீழ் வருவதால் நீங்களாகக் கதவைத் தட்டி நான் இன்னார் என்று சொல்லக் கூடாது. உங்கள் செக்ரட்டரி எழுத, அது நம் கிராண்ட் செக்ரட்டரி ஆபீஸ் வழியாக அங்கே போக வேண்டும். மாதக்கணக்கில் ஆகலாம். அதனால் கிளம்புவதற்கு முன்பே அவரிடம் விண்ணப்பத்தைக் கொடுத்துவிடுங்கள். இரண்டு டிகிரிக்கான சான்று, மெம்பர்ஷிப் அட்டை இரண்டையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். சந்தாவை வருடக் கடைசி வரை கட்டிவிட்டு ரசீது வாங்குங்கள், பாக்கி இருந்தால் அந்தக் கடிதம் மேஜையை விட்டு நகராது.

புதுஏப்ரன்

ரசீது வாங்கிவிட்டேன் அண்ணா. ஜீபேயில்தான்.